கிணற்றின் குறுக்கே சங்கிலி

அளக்க வேண்டாம் என்றுதான் வில்லேஜ் ஆபீசர் சொன்னார். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

"கிணறு உங்க பூமியிலதானே இருக்கு? போறப்ப வரப்ப நான் பாக்கறதுதானே? ரெண்டு வரி எழுதித் தாரேன். கரண்டு ஆபீசுல கொண்டுபோய்க் குடு, மோட்டார் வந்துரும்" என்றார். மலையாளி. எங்களோடு பேசும்போது மட்டும் தமிழுக்கு மாறிக்கொள்வார். பேனாவைக்கூட மூடி கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

நான்தான் வேண்டாம் என்றேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. சித்தூர் அரசுக் கல்லூரியில் பிரீ டிகிரி முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதில்லை. ஆதாரப் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்த முதல் ஆள் நான்தான். மூன்று ஏக்கர் பன்னிரண்டு சென்ட் என்று அதில் இருந்தது. மேற்கே பஞ்சாயத்து ரோடு போட்டபோது எங்கள் நிலத்தில் கொஞ்சம் விழுங்கியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். அளந்தால் அது வெளியே வரும். இழந்ததைக் கண்டுபிடித்து அய்யன் கையில் கொடுக்கலாம். எங்கள் பக்கம் அப்பாவை அய்யன் என்றுதான் சொல்வோம்.

"முறைப்படி அளந்தே எழுதிக் குடுங்க சார்" என்றேன்.

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "படிச்ச பையன்" என்று மட்டும் சொன்னார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

தாலூக் ஆபீசிலிருந்து சர்வேயர் வந்த அன்று அய்யன் வேட்டியை மாற்றிக்கொண்டு, தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி வரப்பில் நின்றார். மேற்குப் பக்கம் முதலில் அளந்தார்கள். ரோடு எதையும் விழுங்கவில்லை. கல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. எனக்குச் சின்ன ஏமாற்றம். பிறகு தெற்கு, வடக்கு. தென்கிழக்கு மூலைக் கல்லைத்தான் காணவில்லை. வேலி ஓரத்தில் தேடினார்கள், இல்லை. சர்வேயர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேலியிலிருந்து எங்கள் பக்கமாக ஆறு எட்டு நடந்து வந்து, மிளகாய்ச் செடிகளுக்கு நடுவில் நின்று, "இங்கே தோண்டு" என்றார்.

இரண்டடி ஆழத்தில் கல் இருந்தது. மேலே அம்புக்குறி.

வடகிழக்கு மூலையிலும் அப்படியே. வேலியிலிருந்து ஆறரை எட்டு உள்ளே. அந்த இரண்டு கல்லுக்கும் நடுவில் சங்கிலியை இழுத்துப் பிடிக்கச் சொன்னார் சர்வேயர். ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையை அவருடைய ஆள் பிடித்தான். நடுவில் கிணறு இருந்தது. சங்கிலி அதன் குறுக்கே, தண்ணீருக்கு மேலே தொங்கியது. வெயிலில் அதன் நிழல் தண்ணீரில் ஒரு கோடாக விழுந்து நெளிந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பாதிக் கிணறு. அந்தப் பக்கம் பாதி.

"ஏன் தம்பி, கிணத்துல மீன் புடிக்கறீங்களா?" என்றார் அய்யன். அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

சர்வேயர் அவருக்குச் சொன்னார். அய்யன் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "இதுக்கா அளக்கச் சொன்ன?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

*

கிழக்கே இருந்த நிலம் மேய்ச்சல் காடு. அதன் சொந்தக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். உறவில்லை, பழக்கம்தான். அய்யனுக்குச் சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. அவர் இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவர் மனைவி, அத்தை, மட்டும் இரண்டு எருமையும் கொஞ்சம் ஆடும் வைத்துக்கொண்டு இருந்தார். ஒரே மகளைப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

இரண்டு காட்டுக்கும் நடுவில் கிளுவை வேலி. எங்கள் பக்கத்தில் கல்சுவர் கட்டுகிறவர்கள் இல்லை. கிளுவைக் குச்சியை வெட்டி வரிசையாக நட்டால் அது வேர் பிடித்து, துளிர்த்து, முள்ளும் இலையுமாக உயிரோடு நிற்கும். எட்டுப் பத்து வருஷத்தில் அடியில் கரையான் ஏறும், அங்கங்கே சந்து விழும். அப்போது புது வரிசை நட வேண்டும். பழைய வரிசையைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் நட முடியாது. புதுக் குச்சி வேர் பிடிக்கும்வரை ஆடு மாடு தடுக்கப் பழையது நின்றாக வேண்டும். தவிர, அந்தக் கோட்டில் கடப்பாரை இறங்காது, அவ்வளவு வேர். ஆகவே ஒரு எட்டுத் தள்ளி நடுவார்கள். எங்கள் பக்கம் வேலியை ஒட்டி மழைத்தண்ணீர் போகும் வாய்க்கால் உண்டு. அதனால் தள்ளி நடுவது எப்போதும் கிழக்கே. புது வேலி பிடித்ததும் பழையதை வெட்டி அடுப்புக்குக் கொண்டுபோய்விட்டு, வாய்க்காலையும் புது வேலிக்கு ஒட்டினாற்போல் இழுத்துக்கொள்வார்கள்.

இது நான் கண்டுபிடித்தது. சர்வேயர் போன பிறகு இரண்டு நாள் யோசித்தேன். மிளகாய்க் காட்டின் தெற்குக் கோடியில், உழவு அதிகம் படாத இடத்தில், வேலிக்கு இணையாகத் தரை மடிந்து மடிந்து கிடக்கும். பாத்திக்குப் போட்ட பழைய வரப்பு என்று நினைத்திருந்தோம். ஒவ்வொரு மடிப்பிலும் தோண்டிப் பார்த்தேன். உளுத்துப்போன வேர்கள், விரலில் பொடிந்தன. ஆறு வரிசை. அய்யனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"இது எங்கய்யன் நட்டது. இது எனக்குக் கலியாணம் ஆன வருசம். இது நீ பொறக்கறதுக்கு முன்ன." கடைசி மடிப்பில் கையை வைத்துக்கொண்டே இருந்தார். "இதுக்கு அவனே வந்து குச்சி புடிச்சான்."

அவன் என்றால் மாமா. அந்த நாள் எனக்கும் ஞாபகம் இருந்தது, ஐந்து வயதிருக்கும். மாமா குச்சியை நிமிர்த்திப் பிடிக்க, அய்யன் மண் தள்ளிக்கொண்டிருந்தார். மாமா சொன்னார்: "இப்படியே நட்டுட்டு வந்தீன்னா எங்க ஊட்டு வாசலுக்கே வந்துருவ போல இருக்குதே." அய்யன், "வந்தா சோறு போடமாட்டியா?" என்றார். "உன்ற மொகத்துக்குப் பழைய சோறுதான்" என்றார் மாமா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இதை நான் அய்யனுக்கு ஞாபகப்படுத்தவில்லை. அவராகவும் சொல்லவில்லை. ஆனால் அந்த மடிப்பிலிருந்து கையை எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது.

*

அளந்த சேதி பொள்ளாச்சிக்குப் போய்விட்டது. அத்தையின் மருமகன் வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்.

"நாங்களா அளந்தமுங்க? உங்க பையனே ஆளக் கூட்டியாந்து, உங்க பூமியில நின்னு, உங்க கையில சங்கிலியப் புடிச்சு அளந்து காட்டிருச்சு. படிச்ச புள்ளயிங்க. எங்களுக்கு இந்த ஒபகாரம் வேற யாரு பண்ணுவாங்க?"

அய்யன், "கெணறு நாங்க வெட்டுனதுங்க மாப்பள. பதினாலு வருசமாச்சு. உங்க மாமனாருதான் மண்ண அந்தப்பக்கம் கொட்டிக்கச் சொன்னாரு" என்றார்.

"வெட்டுனது நீங்கதானுங்க. யாரு இல்லீன்னா? எடம் எங்களுது. பாதித் தண்ணி எங்களுக்கு."

அந்தக் கிணற்றைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வார்த்தை என்று புரியும். சித்திரையில் காலையில் இரண்டு மணி நேரம் மாடு கட்டிக் கவலை இறைத்தால் அடிப்பாறை தெரியும். மறுநாள்தான் ஊறும். மூன்று ஏக்கருக்கு அதுவே எட்டாமல், கடலையில் பாதி ஒவ்வொரு வருஷமும் காய்ந்தது. மோட்டார் வந்தால், ஊறுகிற தண்ணீரை ஊற ஊற எடுத்து மிச்சத்தையும் காப்பாற்றலாம் என்பதுதான் எங்கள் கணக்கு. பாதியைப் பங்கு பிரித்தால் எங்கள் காடும் மானாவாரிக் காடுதான். நான் மேலே படிப்பதும் அதோடு நின்றுவிடும். அய்யனுக்கு ஐம்பத்தைந்து வயதில் இன்னொருவர் காட்டுக்குக் கூலிக்குப் போகவேண்டி வரும்.

மருமகன் கிணற்றின் கிழக்கு விளிம்பில் நான்கு கல் நட்டார். கரண்டு ஆபீசுக்கு ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். எங்கள் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிட்டது.

*

சித்தூரில் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு வக்கீல் இருந்தார். பாலக்காட்டுக் கோயில் தெருக்காரர். வயதானவர், நிதானமாகப் பேசுவார். படத்தையும் பத்திரத்தையும் பார்த்துவிட்டு அய்யனிடம் சொன்னார்:

"பயப்படாதேயும். பன்னிரண்டு வருஷத்துக்கு மேலே ஒருத்தன் இன்னொருத்தன் பூமியை, நாலு பேருக்குத் தெரியறாப்ல, தன்னுதுன்னு வச்சிண்டு அனுபவிச்சு, சொந்தக்காரன் வாயைத் திறக்காம இருந்துட்டான்னா, சட்டம் அதை வச்சிண்டிருக்கறவனுக்கே விட்டுடறதாக்கும். எதிரிடை அனுபவம்னு பேர். மனசிலாச்சோ?"

"அப்ப கெணறு எங்களுக்குத்தானுங்களா சாமி?"

"இரும், இரும். அது அவாளோட இடம்னு உமக்குத் தெரியுமோ?"

"தெரியாதுங்க. தெரிஞ்சா நட்டிருப்பனா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "அங்கேயாக்கும் சங்கடம். தெரியாம இருந்தேன்னா அது வெறும் பிசகு. எல்லை தப்பிப்போச்சு, திருத்திக்கோ, அவ்வளவுதான்னு கோர்ட் சொல்லிடலாம். சிநேகத்துல அவர் விட்டுக் கொடுத்தார்னு எதிர்க்கட்சி சொன்னா, அதுவும் போச்சு. இது உன்னுதுன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சே வச்சிண்டிருந்தேன், நீ கேக்கலைன்னு நெஞ்சு நிமிர்ந்து சொன்னாத்தான் கேஸ் நிக்கும்."

அய்யன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கள்ளன்னு எழுதிக் குடுக்கச் சொல்றீங்களா சாமி?"

"கள்ளன்னு யார் சொன்னா? எதிரிடை அனுபவம்னு சொல்றேன்."

"அதுக்கு எங்கூர்ல என்ன பேருன்னு எனக்குத் தெரியுமுங்க." எழுந்துவிட்டார். "நான் தெரியாமத்தான் நட்டேன். அப்படியே எழுதுங்க. வந்தா வருது."

வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். வக்கீல் என்னை உள்ளே நிறுத்திக்கொண்டார். "உங்கப்பா சொல்றபடி எழுதினா நிக்காது. நான் எழுத வேண்டியதை எழுதறேன். உனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே, நீயே வாசிச்சுச் சொல்லு" என்றார். இதற்குமேல் அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. விட்டுவிட்டு வாசி என்று அவர் சொல்லவில்லை. அதை நான் அவர் தலையில் போட முடியாது.

பத்து நாள் கழித்துப் போனோம். ஏழு பக்கம், டைப் அடித்த இங்கிலீஷ். குமாஸ்தா எங்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். நான் ஒவ்வொரு பாராவாக மனதுக்குள் படித்து, பிறகு அய்யனுக்குத் தமிழில் சொன்னேன். அவர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி கவனமாகக் கேட்டார். எங்கள் சர்வே நம்பர், அவர்கள் நம்பர், வேலி, கிணறு வெட்டிய வருஷம். எல்லாம் சரி. தலையாட்டினார்.

ஆறாவது பாரா. மேற்படி இடம் எதிர்வாதியின் குடும்பத்துக்குச் சொந்தமானது என்பதை நன்கு அறிந்தே, அவர்களுடைய உரிமைக்கு விரோதமாக, வாதி தொடர்ந்து பகிரங்கமாகத் தன் கைவசம் வைத்து அனுபவித்து வந்திருக்கிறார். இதுதான் அந்த வாக்கியம். இப்போதும் அதன் இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கு எழுத்து மனப்பாடம்.

"ஆறாவதுல, ரொம்ப வருசமா நாமதான் வச்சு அனுபவிக்கறோம்னு போட்டிருக்குதுங்கய்யா" என்றேன்.

அதில் பொய் இல்லை. அதனால்தான் அது வாயில் தடங்கல் இல்லாமல் வந்தது.

எல்லாம் முடிந்ததும் அய்யன், "நாஞ் சொன்ன மாதிரிதானே எழுதியிருக்குது?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

இது பொய். இடது கட்டைவிரலை மையில் ஒற்றிப் பதித்தார். அதற்குக் கீழே, வாதிக்கு எழுதப் படிக்கத் தெரியாததால் மேற்கண்டவை முழுவதும் என்னால் வாசித்து விளக்கப்பட்டு, அவர் சரியென்று ஒப்புக்கொண்டார் என்று ஒரு வரி. அதில் என் கையெழுத்து. கல்லூரியில் நோட்டுப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் போட்டுப் போட்டுப் பழகிய கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் நீண்டு சுழித்துக்கொண்டு போகும்.

*

வழக்கு இரண்டு வருஷம் இழுத்தது. வாய்தாவுக்கு வாய்தா சித்தூர் பஸ். அத்தையும் அதே பஸ்ஸில்தான் வருவார், வேறு பஸ் கிடையாது. முன்சீட்டில் அவர், பின்னால் நாங்கள். ஆரம்பத்தில் இறங்கும்போது, "எருமை கன்னு போட்டிருச்சா?" என்று அய்யன் கேட்பதும், "கெடேரிங்கண்ணா" என்று அவர் சொல்வதும் நடந்தது. போகப் போகக் குறைந்தது. ஆனாலும் அத்தை எங்கள் வேலியில் ஆட்டுக்குத் தழை ஒடிப்பதை நிறுத்தவில்லை. அய்யனும் ஒன்றும் சொல்லவில்லை.

அய்யனைக் கூண்டில் ஏற்றிய அன்று கோர்ட்டில் கூட்டம் இல்லை. எங்கள் வக்கீல் கேட்டது எல்லாம் கிணறு, வேலி, வருஷம். அய்யன் தெளிவாகச் சொன்னார். பிறகு எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். இளைஞர், மலையாளத்தில்தான் கேட்டார். எங்கள் பக்கத்தில் மலையாளம் யாருக்கும் புரியும். அய்யன் தமிழில் பதில் சொன்னார்.

அத்தையின் புருஷனும் நீங்களும் சிநேகிதர்கள்தானே? ஆமாங்க. வேலி நட அவர் கூட வந்து உதவியிருக்கிறாரே? வந்திருக்கறாருங்க. சந்தோஷமாகத்தானே? சந்தோசமாத்தானுங்க.

எங்கள் வக்கீல் மேஜையில் பேனாவை வைத்தார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

அடுத்து அந்த இளைஞர் எங்கள் பிராதை எடுத்து ஆறாவது பாராவைப் படித்தார். இங்கிலீஷில் ஒரு முறை. பிறகு மலையாளத்தில், வார்த்தை வார்த்தையாக. எதிர்வாதியின் இடம் என்று நன்கு அறிந்தே. உரிமைக்கு விரோதமாக.

"இது உண்மையா? அவருடைய இடம் என்று தெரிந்தேதான் நட்டீர்களா? அல்லது இதை யாராவது உங்களுக்குத் தெரியாமல் எழுதிவிட்டார்களா?"

அய்யன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்டுபிடித்துவிட்ட பார்வை இல்லை அது. கிணற்றடியில், இதுக்கா அளக்கச் சொன்ன என்று கேட்டாரே, அந்தப் பார்வை.

"இதை உங்களுக்கு வாசித்துச் சொன்னது யார்?"

"எம் பையனுங்க."

"முழுவதும் வாசித்துச் சொன்னாரா?"

நீதிபதி பேனாவோடு காத்திருந்தார். இல்லை என்று அய்யன் சொல்லியிருந்தால் அது உண்மை. கிணறு போயிருக்கும். நான் போட்ட கையெழுத்தும் அங்கே எல்லார் முன்னாலும் கிழிந்திருக்கும். அந்த நேரத்தில் எது போவதற்கு நான் அதிகம் பயந்தேன் என்று கேட்டால், கிணறு என்று சொல்ல ஆசை. கையெழுத்துதான்.

"சொன்னானுங்க" என்றார் அய்யன்.

"அப்படியானால் இது நீங்கள் சொன்னதுதான்?"

"நாஞ் சொன்னதுதானுங்க."

"தெரிந்தே?"

"தெரிஞ்சேதானுங்க."

அத்தை சுவர் ஓரமாக நின்றிருந்தார். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார்.

சாயங்காலம் அதே பஸ். அன்று கூட்டம், உட்கார இடமில்லை. அய்யனும் நானும் கம்பியைப் பிடித்து நின்றோம். அத்தைக்கு எங்களுக்கு இரண்டு சீட் முன்னால் ஓரத்தில் இடம் கிடைத்திருந்தது. கொழிஞ்சாம்பாறை தாண்டிக் கூட்டம் இறங்கிய பிறகு அவர் திரும்பினார்.

"ஏனுங்கண்ணா. தெரிஞ்சேதான் நட்டீங்களா?"

சண்டைக் குரல் இல்லை. கூட இருந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

அய்யன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே பனைமரங்களைத் தவிர ஒன்றும் இல்லை.

"அவுரு சாகற மட்டும் உங்களப் பத்தி ஒரு வார்த்த சொன்னதில்லீங்க. வேலி நவுந்து வருதேன்னு நானே ஒருக்காக் கேட்டேன். அவன் என்ன தெரிஞ்சா பண்றான், போடின்னாரு. நீங்க தெரிஞ்சுன்னு சொல்றீங்க."

நான் வாயைத் திறந்தேன் என்று நினைக்கிறேன். அய்யனின் கை என் முழங்கை மேல் வந்து உட்கார்ந்தது. நிறுத்தம் வந்ததும் அத்தை இறங்கிப் போனார். நாங்கள் அவருக்குப் பின்னால், எட்டிப் பிடித்துவிடாதபடி, மெதுவாக நடந்தோம். வீடு நெருங்கும்போதுதான் அய்யன் பேசினார்.

"நாளைக்குக் கவலை ஓட்டோணும். நேரமே எந்திரி."

*

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. வாதியே தன் வாயால், எதிர்வாதியின் இடம் என்று அறிந்தே அனுபவித்ததாகத் தெளிவாகச் சாட்சி சொல்லியிருக்கிறார் என்று அதில் எழுதியிருந்தது. வக்கீலுக்குச் சந்தோஷம். "உங்கப்பா கூண்டுல இப்படி நிப்பார்னு நான் நினைக்கலை கேட்டியோ, கெட்டிக்காரர்" என்றார்.

தீர்ப்பை நான் அய்யனுக்கு வாசித்துச் சொன்னேன். இந்த முறை எதையும் விடவில்லை. அந்த வரியையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதானுங்க."

"வேற ஒண்ணும் போடலியா?"

"இல்லீங்க."

அதிலிருந்து எந்தக் காகிதத்தை வாசித்தாலும் அந்தக் கேள்வி வருகிறது. வரி ரசீது, கரண்டு ஆபீஸ் நோட்டீஸ், பொள்ளாச்சிச் சொந்தக்காரர் போட்ட கல்யாணப் பத்திரிகை. அவ்வளவுதானா? குத்திக் காட்டுவதற்காகக் கேட்கிறாரா, இல்லை உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆறாவது பாராவைப் பற்றி அவர் என்னிடம் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை. இதை எழுதுகிற இந்த நாள்வரை.

மோட்டார் வந்தது. கடலை நன்றாக வந்தது. நான் பி.ஏ. முடித்து இப்போது பாலக்காட்டில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறேன், தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். அய்யன் மோட்டார் சுவிட்சில் கை வைப்பதில்லை. கரண்டு என்றால் பயம் என்று ஆத்தாவிடம், அதாவது என் அம்மாவிடம், சொல்லியிருக்கிறார். காலையில் நான் போட்டுவிட்டு வருவேன், பகலில் ஆத்தா போய் நிறுத்துவார்.

போன வருஷம் வேலியில் சந்து விழ ஆரம்பித்தது. மழை பிடிப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யன் கிளுவை வெட்டிக் கட்டுக்கட்டாகப் போட்டார். கடப்பாரையை எடுத்துக்கொண்டு நான் வழக்கம்போல வேலிக்கு அந்தப் பக்கம் போக இருந்தேன்.

"எங்க போற? இந்தப்பக்கம் நடு."

"வாய்க்கா இருக்குதுங்களே அய்யா."

"தூத்துக்கலாம்."

இரண்டு நாள் வாய்க்காலைத் தூர்த்தோம். மழைத்தண்ணீருக்கு வேறு வழி வெட்ட மிளகாய்க் காட்டில் ஒரு பட்டையை இழந்தோம். அதற்கு மேல் குச்சி நட்டோம், பழைய வேலியிலிருந்து ஒரு எட்டு எங்கள் பக்கமாக. நான் குச்சி பிடிக்க அய்யன் மண் தள்ளினார். கிணற்றுக்கு வந்ததும் அங்கே மட்டும் வரிசை விட்டுப்போயிற்று. தண்ணீருக்குள் நட முடியாது. மேட்டில் மருமகன் நட்டுவைத்த நான்கு கற்களும் அப்படியே இருந்தன. தீர்ப்புக்குப் பிறகும் அய்யன் அவற்றைப் பிடுங்கவில்லை.

அன்று மருமகனும் வந்திருந்தார், காட்டை விற்பதற்கு ஆள் கூட்டிக்கொண்டு. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"ஏனுங்க, கோர்ட்டு உங்களுக்குத்தானே குடுத்துச்சு? அப்பறம் எதுக்குங்க உள்ள போறீங்க?"

"இந்தப்பக்கம் மண்ணு நல்லா இருக்குதுங்க மாப்பள" என்றார் அய்யன், நிமிராமலே.

அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். அத்தை அன்று வெளியே வரவில்லை. சாயங்காலம் பார்த்தபோது, பழைய வரிசையில் அவருடைய ஆடுகள் தழை கடித்துக்கொண்டிருந்தன.

சர்வேயர் தோண்டிய கல்லுக்கு இன்னும் ஐந்து எட்டு இருக்கிறது. எட்டுப் பத்து வருஷத்துக்கு ஒரு எட்டு. அய்யனுக்கு இப்போது அறுபது ஆகப்போகிறது. நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அவரிடம் சொல்லவில்லை.